போதுமா என்று கேட்கக் கூடாது

கஞ்சி ஆறட்டும். சூடாகக் கொடுத்தால் இவருக்கு நாக்கு சுருண்டுகொள்கிறது, ரொம்ப ஆறினால் ஆடை கட்டித் தொண்டையில் ஒட்டுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அந்தப் பதம் வரும்வரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நாற்காலியில் இவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இவர் என் வீட்டுக்காரர், கல்யாணமான புதிதில்கூட இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை, எங்கே, வீட்டில் இருந்தால்தானே பார்ப்பதற்கு, முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மனுசனைக் கண்ணில் காண்பதே அபூர்வம். இப்போது முகூர்த்தமும் இல்லை மண்டபமும் இல்லை, நாள் முழுக்க எனக்கே எனக்கு. ஆசைப்பட்டது கிடைத்தால் இப்படித்தான் கிடைக்கும் போலிருக்கிறது. தெருவில் தறிகள் தடதடவென்று ஓடுகின்றன, ஈரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது சத்தமே இல்லை, ஆனால் இவர் விழுங்குகிற சத்தம் அதில் அமுங்கிப் போகிறது, அதனால் காதை நம்பாமல் கண்ணால் கேட்கப் பழகிக்கொண்டேன், கழுத்தில் அந்தக் குரல்வளை முடிச்சு மேலே போய் இறங்குகிறதா என்று பார்ப்பேன், இறங்கினால்தான் அடுத்த ஸ்பூன். "ஏனுங், வாயத் தொறங்க." சொல்லியாயிற்று, இனிக் காத்திருக்க வேண்டும். நடுக்குவாதம் என்றால் கைதான் ஆடும் என்று நினைத்திருந்தோம், ஆளையே மெதுவாக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நாம் கேட்பது இவருக்குள் போய்ச் சேரவும் இவர் சொல்வது வெளியே வந்து சேரவும் டவுன் பஸ் மாதிரி நேரமாகிறது, இனி வராது என்று நடக்க ஆரம்பித்தால் பின்னாலேயே வந்து நிற்கும். இதோ, வாய் திறக்கிறது. ஒரு ஸ்பூன், அரை ஸ்பூன்தான், நாக்கின் நடுவில் வைத்து ஸ்பூனை மெல்ல உருவிக்கொள்கிறேன், உதட்டை மூடுகிறார், முடிச்சு அசையவில்லை, அசையவில்லை, அசைந்துவிட்டது.

பதினொரு மணிக்கு மோகன் காரை எடுத்துக்கொண்டு வருவான். மோகனசுந்தரம், எங்களுக்கு ஒரே பையன், தங்கமான பையன், அதுதான் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். முதுகில் புண் வரக் கூடாதென்று காற்று மெத்தை வாங்கிப் போட்டான், சளி உறிஞ்சுகிற மெஷின் வாங்கி வைத்தான், கட்டிலைக் கைப்பிடி சுற்றி நிமிர்த்துகிற கட்டிலாக மாற்றினான், இப்போது அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுவிடலாம் என்கிறான். இனி ஸ்பூன் வேண்டாம், கஞ்சியை நேராக உள்ளே ஊற்றிவிடலாம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை. அப்பாவைக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது, கேட்டான், போன வெள்ளிக்கிழமை இதே இடத்தில் குனிந்து நின்று கேட்டான். "அப்பா, டியூப் வெச்சர்லாமுங்களா? பொறையேறாதுங்ப்பா, தெம்பா இருக்கலாம்." கேட்டுவிட்டு ஒரு மூச்சு இரண்டு மூச்சு நின்றான், மூன்றாவது மூச்சில் போன் அடித்தது. "ஒண்ணுஞ் சொல்லுலீங்ம்மா, செரின்னுதான் அர்த்தம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் இவர் வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. வந்து, மடிமேல் சாப்பாட்டுக்கு வைக்கிற பலகையின் மேல், விரல்களை விரித்துக்கொண்டு கவிழ்ந்தது. நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, அப்படியே இருக்கட்டும் என்று விட்டேனா, அதைத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன், துணி உலர்த்தும்போது கேட்கிறேன். ஆடுகிற கை எங்காவது போய் விழத்தானே செய்யும், பலகை மேல் விழுந்தது, அவ்வளவுதான், அதற்கு ஓர் அர்த்தம் வேண்டுமா. ஆனால் அந்தக் கை அப்போது ஆடவில்லை. எந்நேரமும் ஆடுகிற கை, அந்தப் பலகை மேல் அந்தக் கொஞ்ச நேரம், ஆடவில்லை.

அந்தக் கையை எனக்குத் தெரியாதா. சமையலுக்கு வேறு ஆள், இவருக்குப் பந்தி விசாரிக்கிற வேலை, சென்னியப்பண்ணன் நின்றால் பந்தி சண்டையில்லாமல் முடியும் என்று பவானியிலிருந்து பெருந்துறை வரைக்கும் பேர். தோளில் துண்டோடு இலை வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார், யாருக்கு ரசம் வரவில்லை, யார் இலையில் இனிப்புக்கு வைத்த ஒப்பிட்டு தீர்ந்தது, யார் கூச்சத்தில் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியும், வீட்டில் உப்பு தீர்ந்தது மட்டும் தெரியாது. பரிமாறுகிறவர்களுக்கு இவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. போதுமா என்று கேட்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா என்றுதான் கேட்க வேண்டும். "போதுமான்னு கேக்கறவன், எந்திரின்னு சொல்றான்" என்பார். ஒரு கல்யாணத்தில் பரிமாற வந்த ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்துப் போதுங்களா என்று கேட்டுவிட்டான், கையில் சாம்பார் வாளியோடு நின்றவனிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படியானால் ஒரு மனுசனுக்குப் போதும் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன், கல்யாணமான புதிதில், இவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "மொதத் தடவ போதும்ங்கறது மரியாதைக்கு, அதக் காதுலயே போட்டுக்காத. ரெண்டாந் தடவ சொன்னாக்கூட ஒரு கரண்டி வெக்கலாம், கோவிச்சுக்க மாட்டாங்க. கைய விரிச்சு எலைக்கு மேல புடிச்சுட்டாங்கன்னு வெய்யி, அப்பறம் வெக்கறது உபசாரமில்ல புள்ள, இம்சை." சொல்லிவிட்டு இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டினார், நான் அதைச் செய்து காட்டுகிறார் என்று நினைத்து இன்னொரு கரண்டி வைத்துவிட்டேன், அன்று நிஜமாகவே போதும் என்றிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்டதில்லை, விருந்தாளியைக் கேட்டதில்லை, பூனையைக்கூடக் கேட்டதில்லை, மோகன் பள்ளிக்கூடத்தில் உருண்டையாக இருந்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பையனுக்குக் கையில் தூக்கிய வாளியைக் கீழே வைக்கத் தெரியவில்லை என்றால் யாரைக் குற்றம் சொல்ல. வளர்த்தது நாங்கள்தானே.

அடுத்த ஸ்பூன். "வாயத் தொறங்க, ஆ." நானும் வாயைத் திறக்கிறேன், குழந்தைக்கு ஊட்டுகிறவள் மாதிரி, இவருக்கு அது பிடிக்காது, புருவம் லேசாக ஏறுகிறது, கோபம் மட்டும் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுகிறது பார். டாக்டரம்மா ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறார், குணப்படுத்துகிற டாக்டர் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற டாக்டர், அவர் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலிலேயே உட்காருவார், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். குழாயைப் பற்றி அவரைக் கேட்டேன். "வெச்சாலும் எச்சில்ல பொறையேறலாம்மா. கைய எடுத்து அவரு புடுங்கீட்டாருன்னா கையக் கட்டி வெக்கற மாதிரி ஆகும். வெச்சு நல்லா இருந்தவங்களும் உண்டு. வெக்காம, முடிஞ்சத வாயில குடுத்துட்டு நிம்மதியா இருந்தவங்களும் உண்டு. ரெண்டுமே தப்பில்ல. அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றார். நான் கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. நாளைக்குப் பேச்சு நின்னு போச்சுன்னா நீங்களும் மோகனும் ஆளுக்கொரு பக்கம் நின்னு யோசிச்சிட்டு இருப்பீங்க." கேட்டு வைத்துக்கொள்வதா. இந்த மனுசன் கேட்காமலே எல்லாம் சொல்லி வைத்தவர், தன்னுடைய கருமாதிக்கு என்ன சமைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருக்கிறார், நல்லா நடமாடிக்கொண்டிருந்தபோதே, சிரித்துக்கொண்டே. ரசம் தண்ணியாக இருக்கக் கூடாது, அப்பளம் நமத்துப்போகக் கூடாது, துக்க வீடுதானே என்று வாழைக்காயைப் பொடியாக நறுக்கி ஏமாற்றக் கூடாது, பந்தி விசாரிக்கத் தன்கூடவே நின்று தொழில் பழகின கருப்பண்ணனைத்தான் நிறுத்த வேண்டும், அவன் இல்லாவிட்டால் பந்தியே வேண்டாம். செத்த பிறகு ஊருக்கு என்ன பரிமாற வேண்டும் என்று சொன்னவர், சாகிறதுக்கு முன்னால் தனக்கு என்ன பரிமாற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கருமாதியைப் பற்றி அரட்டையாகப் பேசினோம், அதற்கு முந்தின நாளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. என்ன ஜனங்களோ நாங்கள்.

சமையலறையில் குக்கர் ஒரு சத்தம் போடுகிறது, எனக்கு அரிசிம்பருப்புச் சாதம் வைத்திருக்கிறேன், அந்த வாசனை இவர் மூக்குக்குப் போகிறதா என்று தெரியவில்லை, போனால் பாவம், போகாவிட்டால் அதைவிடப் பாவம். நேற்று என் நங்கையா போன் பண்ணினார், இவருடைய அக்கா, தம்பி என்றால் உயிர். "சோறெறங்காம எப்புடி உடுவ பாவாத்தா? ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க? ஊருக்கே எலை போட்டவன் வயிறு காஞ்சு போகோணுமா?" ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள் என்பார்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்விட்டது அவளுக்கு என்பார்கள். சலித்துப்போய்விட்டதா எனக்கு. ஆமாம், போய்விட்டது, யாரிடம் பொய் சொல்லப்போகிறேன். முட்டி வலிக்கிறது, கோழி மாதிரி துண்டு துண்டாகத் தூங்குகிறேன், கோயிலுக்குப் போய் எவ்வளவோ நாளாகிறது, போன வாரம் பால்காரரோடு நின்று கொஞ்ச நேரம் பேசியது விசேஷ வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அதுதான் பயம். குழாய் வேண்டாம் என்று நான் நினைப்பது இவருக்காகவா, எனக்காகவா. கை கவிழ்ந்ததை நான் சைகை என்று எடுத்துக்கொண்டால், அது இவர் சொன்னதா, நான் சொல்ல வைத்ததா. நடுக்கம் என்று எடுத்துக்கொண்டாலும் அதே கேள்விதான், இன்னும் கொஞ்ச நாள் இவரை வைத்துக்கொள்ளலாமே என்ற பேராசை, அதுவும் எனக்காகத்தானே. இப்படியும் நான், அப்படியும் நான், இதில் இவர் எங்கே. ஒருநாள் எனக்கும் இப்படி வரும், அப்போது மோகன் என் தலைமாட்டில் நின்று இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பான், அவனுக்கு அந்தத் தொந்தரவு வேண்டாம், என்னுடையதை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் முதலில் இவருடையது. இவர் இல்லாத வீட்டில் இந்த ஸ்பூனை எங்கே வைப்பேன் என்று ஒரு நினைப்பு வருகிறது, ஸ்பூனை எங்கே வைப்பார்கள், ஸ்பூன் வைக்கிற இடத்தில்தான், அழுகை வருகிறது, கஞ்சியில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

திருப்பின அந்த நேரத்தில்தான் புரை ஏறுகிறது. முடிச்சைப் பார்க்கவில்லை, பார்க்காமல் வைத்துவிட்டேன். முகம் சிவக்கிறது, கண் பிதுங்குகிறது, இருமலாக வர வேண்டியது இருமலாக வராமல் உள்ளேயே கிர் கிர் என்கிறது, ஐயோ, டம்ளரைக் கீழே வைத்து இவரை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டுகிறேன், பழக்கத்தில் என் இன்னொரு கை இவர் உச்சந்தலைக்குப் போகிறது, போய்த் தட்டுகிறது, வாய் தானாகச் சொல்கிறது, "யாரோ நெனைக்கறாங்க, யாரோ நெனைக்கறாங்க." யார் நினைக்கப்போகிறார்கள். பந்தியில் யாருக்காவது புரை ஏறினால் இவர் ஓடிப்போய்த் தண்ணீர் டம்ளரை நீட்டி இப்படித்தான் சொல்வார், "நீங்க பெரிய மனுசனுங், எங்கியோ யாரோ நெனைக்கறாங்க." இப்போது தண்ணீர் கொடுத்தால்தான் ஆபத்து, தண்ணீர் நேராக நெஞ்சுக்குப் போய்விடும், அதுவும் டாக்டரம்மா சொன்னது, தண்ணீர்கூடக் கொடுக்க முடியாத விருந்து இது. இருமல் வந்துவிட்டது. கொஞ்சம் கஞ்சி துண்டில் வந்து விழுகிறது. மூச்சு வருகிறது, போகிறது, வருகிறது. நான் இவர் முதுகைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், முதுகு எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, எவ்வளவு அகலமான முதுகு அது. மறுபடி சாய்த்து வைக்கிறேன். என்னைப் பார்க்கிறார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அது இருமலில் வந்த தண்ணீர், ஆனால் பார்வை தெளிவாக இருக்கிறது, இலை வரிசையை அளக்கிற அதே பார்வை. இந்த ஆளிடமா நான் கேட்கப் பயப்படுகிறேன்.

நாற்காலியை விட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். "ஏனுங். மோகன் வாறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு. மூக்குல கொழா வெக்கறாங்களாமா. வெச்சா கொஞ்ச நா கூட இருக்கலாம், இல்லாமயும் போலாம், அது ஆருக்குந் தெரியாது. வெக்குலீன்னாலும் வாயில எறங்கற வரைக்கும் நாங் குடுத்துட்டேதான் இருப்பேன், பட்டினியெல்லாம் போட மாட்டேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்கிறது, அதைத் தவிர வேறு எதைப் போட்டாலும் இது கேள்வி ஆகாது, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா என்று கேட்டால் எந்த மனுசனும் சரி என்றுதான் சொல்வான், கேட்டவர் மனசுக்காகவாவது சொல்வான், மகன் முகத்துக்காகவாவது சொல்வான். வாளியை வாங்கிக்கொண்டு என்னையும் வீட்டுக்கு அனுப்பட்டும். "ஆஸ்பத்திரி, ஊசி, கொழாயி, இதெல்லாம்… போதுங்களா?" கேட்டுவிட்டேன். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் கார் வந்து நிற்கிறது, கதவு சாத்துகிற சத்தம், சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டே மோகன் உள்ளே வருகிறான். "ரெடிங்களாம்மா? அப்பாவுக்கு அந்த நீலச் சட்டையப் போட்டு…" நான் கையைத் தூக்கி நிறுத்துகிறேன். "இரு கண்ணு. அப்பாவ ஒண்ணு கேட்டிருக்கறேன். பதிலு வந்துட்டிருக்குது." "ஒண்ணும் பேசக் காணமேம்மா." "வந்துட்டிருக்குதுங்கறன். உக்காரு." அவன் போனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிறான். நேரம் போகிறது. இந்தப் பையன் இந்த அறையில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, வந்தால் எதையாவது மாட்டுவான், எதையாவது திருகுவான், இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறான், அப்பாவின் நரைத்த தாடியைப் பார்த்துக்கொண்டு, நெற்றி முழுக்க இவரை உரித்து வைத்த நெற்றி. போர்வை அசைகிறது.

கை வெளியே வருகிறது. ஆடிக்கொண்டே வருகிறது, பலகை விளிம்பில் ஒருமுறை இடித்துக்கொள்கிறது, நான் பிடித்து வைக்கவில்லை, ஆசையாக இருக்கிறது, பிடிக்கவில்லை, இவர் தானாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பலகைக்கு மேல் வருகிறது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. உள்ளங்கை கவிழ்ந்து நிற்கிறது. "கை ஆடறதுதானுங்ம்மா அது" என்று மோகன் மெல்லச் சொல்கிறான். "ஆடுதா பாரு" என்கிறேன். பார்க்கிறான். அவனுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, லீவு நாளெல்லாம் மண்டபத்தில் அப்பா பின்னாலேயே சுற்றினவன் அவன், அந்தக் கையை எத்தனை இலைக்கு மேல் பார்த்திருப்பான். அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிடுகிறது. "அப்பா" என்கிறான். இனி டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும், நங்கையாவுக்கு நானேதான் சொல்ல வேண்டும், அவர் அழுவார், ஏசுவார், ஏசட்டும். பந்தி முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். எழுந்தவளை இவர் பார்க்கிறார். டம்ளரைப் பார்க்கிறார். மறுபடி அந்தப் புருவம் ஏறுகிறது, வாய் திறக்கிறது, திறந்தபடியே இருக்கிறது. எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆகிறது, இந்த வீட்டில் நான்தான் மெதுவாகிவிட்டேன் போல. குழாய்க்குத்தான் கையைக் காட்டினார், கஞ்சிக்கு இல்லை. சிரிப்பு வந்துவிடுகிறது, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது. மோகன் எழுந்து வந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொள்கிறான். "எப்புடிங்ம்மா குடுக்கோணும்?" "அர ஸ்பூனு போதும். நாக்கு நடுவுல வெய்யி. அப்பறங் கழுத்தயே பாத்துட்டிரு." கட்டிலோரம் உட்காருகிறான், சாவிக் கொத்தைத் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு, அவ்வளவு பெரிய கையில் அவ்வளவு சின்ன ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிறான், கொடுத்துவிட்டுக் கழுத்தைப் பார்க்கிறான், நானும் பார்க்கிறேன், முடிச்சு மேலே போகிறது, நிற்கிறது, இறங்குகிறது. அவன் தொண்டையும் கூடவே இறங்குகிறது. "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களாப்பா?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டு, ஸ்பூனை டம்ளருக்குள் வைத்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான்.